விமானத்தில் தகராறு: யார் யாரை, எத்தனை நாள் தடுக்கலாம்?

இந்தியாவின் விமானப் பயணத் தடைப் பட்டியல் ஒரு செருப்படியில் பிறந்தது. 2017 மார்ச் 23 அன்று புணேயிலிருந்து டெல்லி வந்திறங்கிய ஏர் இந்தியா விமானத்தில், அப்போதைய சிவசேனை எம்.பி. ரவீந்திர கெய்க்வாட் நிறுவன அதிகாரி ஒருவரை அடித்தார். பிசினஸ் வகுப்பில் பயணிக்க வேண்டியவரை அந்த வகுப்பே இல்லாத விமானத்தில் உட்கார வைத்துவிட்டார்கள் என்பது அவருடைய கோபம். செருப்பால் அடித்ததை அவரே செய்தியாளர்களிடம் ஒப்புக்கொண்டார். முக்கிய விமான நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து அவரை ஏற்ற மறுத்தன. எம்.பி. என்பதால் நாடாளுமன்றத்தில் அமளி எழுந்தது. இரண்டு வாரங்களில் அவர் வருத்தம் தெரிவிக்க, தடையும் விலகியது.

அந்தக் களேபரத்தில் ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு பயணியை எத்தனை நாள் தடுக்கலாம், யார் தடுக்கலாம், அவர் யாரிடம் முறையிடலாம் என்பதற்குத் தெளிவான வழிமுறை இல்லை. எனவே ஒழுங்கீனமாக நடக்கும் பயணிகள் பற்றி ஏற்கெனவே இருந்த விதியைத் திருத்தி, 2017 செப்டம்பர் 8 அன்று மத்திய அரசு வெளியிட்டது. விமானப் போக்குவரத்தின் ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏயின் விதித்தொகுப்பில் அது இடம்பெற்றிருக்கிறது. பலரும் இதைப் பயணியை அடக்கும் சட்டம் என்றே நினைக்கிறார்கள். படித்துப் பார்த்தால், விமான நிறுவனத்தின் கையையும் அது சேர்த்தே கட்டியிருப்பது தெரியும்.

குற்றத்தை விதி மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. வாய்த்தகராறு, மிரட்டும் சைகை, குடித்துவிட்டுச் செய்யும் ரகளை ஆகியவை முதல் நிலை. இதற்குத் தடை மூன்று மாதம் வரை. தள்ளுவது, உதைப்பது, அடிப்பது, தகாத முறையில் தொடுவது, பாலியல் தொந்தரவு ஆகியவை இரண்டாம் நிலை. ஆறு மாதம் வரை. கழுத்தை நெரிப்பது போன்ற கொலைவெறித் தாக்குதல், விமானத்தின் இயக்கக் கருவிகளைச் சேதப்படுத்துவது, விமானி அறைக்குள் நுழைய முயல்வது எல்லாம் மூன்றாம் நிலை. அதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டு, உச்சவரம்பே கிடையாது. ஒருமுறை தடை பெற்றவர் மறுபடியும் மாட்டினால், முந்தைய தடையைப் போல இரு மடங்கு.

பணிப்பெண்ணோடு வாக்குவாதம் நடந்த மறுகணமே 'உங்களை பிளாக்லிஸ்ட் செய்துவிடுவேன்' என்று யாராவது சொன்னால், அப்படிச் செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை. புகாரை எழுத்தில் தர வேண்டியவர் விமானத்தின் தலைமை விமானி. அது நிறுவனத்தின் உள் விசாரணைக் குழுவுக்குப் போக வேண்டும். உள் குழு என்றாலும் நிறுவனத்தின் ஆட்களே கூடி உட்கார்ந்து தீர்ப்பெழுத முடியாது. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் தலைவர். வேறொரு விமான நிறுவனத்தின் பிரதிநிதி ஓர் உறுப்பினர். பயணிகள் அல்லது நுகர்வோர் அமைப்பின் பிரதிநிதியோ, நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவரோ இன்னோர் உறுப்பினர். முப்பது நாட்களுக்குள் காரணம் எழுதி முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். விசாரணை நடக்கும் அந்த முப்பது நாள் வரை நிறுவனம் தானாகத் தடை போட்டுக்கொள்ளலாம். முப்பது நாளில் குழு முடிவெடுக்காவிட்டால் பயணி தாராளமாகப் பறக்கலாம். தாமதத்தின் பலன் பயணிக்குச் சேரும்படி எழுதப்பட்ட அரசு விதிகள் அபூர்வம்; இது அவற்றில் ஒன்று.

காகிதத்தில் இருப்பது அப்படியே நடந்ததா என்றால், எப்போதும் இல்லை. 2020 ஜனவரியில் நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா, மும்பையிலிருந்து லக்னோ சென்ற இண்டிகோ விமானத்தில் ஒரு தொலைக்காட்சி நெறியாளரை வழிமறித்துக் கேள்விகளால் துளைத்தார். கை நீளவில்லை, வாய் மட்டும்தான். இண்டிகோ உடனடியாக ஆறு மாதத் தடையை அறிவித்தது. வாய்த்தகராறுக்கு உச்சவரம்பே மூன்று மாதம் என்பதும், குழு கூடுவதற்கு முன் முப்பது நாளைத் தாண்டக் கூடாது என்பதும் அறிவித்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. பிறகு கூடிய குழு தடையை மூன்று மாதமாகக் குறைத்தது. அதற்குள் ஏர் இந்தியா, ஸ்பைஸ்ஜெட், கோஏர் ஆகியவையும் அவரை ஏற்ற மாட்டோம் என்று அறிவித்துவிட்டன. ஒரு நிறுவனத்தின் பட்டியல் மற்ற நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தாது என்றுதான் விதி சொல்கிறது. பார்த்துவிட்டுப் பின்பற்றலாம், விட்டுவிடலாம். ஆனால் தன் விமானத்தில் ஏறவே ஏறாத ஒருவரை, குழுவும் விசாரணையும் இல்லாமல் தடுப்பது எந்த வகையில் சேர்த்தி என்ற கேள்வி அப்போதே எழுந்தது; நியாயமான கேள்வி.

தடைப் பட்டியலில் இன்னொரு தனி வகை உண்டு. தேசப் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என்று உள்துறை அமைச்சகம் அடையாளம் காட்டுபவர்கள் அதில் வருவார்கள். மேற்சொன்ன குழுவுக்கும் முறையீட்டுக்கும் அங்கே வேலை இல்லை.

இவையெல்லாம் விமானத்துக்குள் நடப்பவற்றுக்கு. செக்-இன் கவுன்ட்டரிலோ போர்டிங் கேட்டிலோ நடக்கும் தகராறு, பாதுகாப்புப் படையும் காவல்துறையும் குற்றவியல் சட்டப்படி பார்க்க வேண்டிய விவகாரம். 2025 ஜூலையில் ஸ்ரீநகர் விமான நிலையத்தில் நடந்ததைப் பலரும் காணொளியில் பார்த்திருப்பார்கள். கையில் கொண்டுசெல்ல 7 கிலோவுக்குத்தான் அனுமதி. பயணியிடம் இருந்ததோ 16 கிலோ. கூடுதல் எடைக்குப் பணம் கட்டச் சொன்னதில் வெடித்த சண்டை, ஊழியர்கள் நான்கு பேர் தாக்கப்பட்டதாகப் புகாராகி, காவல் நிலைய வழக்கில் போய் நின்றது. கூடுதல் எடைக்கான கட்டணம் போய்விடும் பணம். வழக்கு அப்படிப் போய்விடாது.

விமானத்துக்குள் கதை வேறு. வெளிக்கதவுகள் அனைத்தும் மூடப்பட்ட நேரத்திலிருந்து, இறங்குவதற்காக ஒரு கதவு திறக்கப்படும் வரை, தலைமை விமானியின் சொல்லுக்குச் சட்ட பலம் உண்டு. 1963ஆம் ஆண்டு டோக்கியோ உடன்படிக்கை தந்த அதிகாரம் அது; இந்தியாவில் 1975இல் தனிச் சட்டமானது. பாதுகாப்புக்கு ஆபத்து என்று நியாயமாக நம்பினால், ஒருவரைக் கட்டி உட்கார வைக்கலாம், வழியில் இறக்கிவிடலாம், தரையிறங்கியதும் போலீஸிடம் ஒப்படைக்கலாம். ஆனால் கட்டுவது முதல் வழி அல்ல. பேசிச் சமாதானப்படுத்தும் வழிகள் எல்லாம் தீர்ந்த பிறகே கட்டி வைக்கும் கருவிகளை எடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் டிஜிசிஏ நிறுவனங்களுக்கு நினைவூட்டியது.

அந்த நினைவூட்டலுக்குக் காரணமான சம்பவத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2022 நவம்பர் 26 அன்று நியூயார்க்கிலிருந்து டெல்லி வந்த ஏர் இந்தியா விமானத்தின் பிசினஸ் வகுப்பில், குடிபோதையில் இருந்த பயணி ஒருவர் வயதான பெண் பயணி மீது சிறுநீர் கழித்தார் என்று புகார். இப்படி ஏதாவது நடந்தால் விமானம் தரையிறங்கிய 12 மணி நேரத்துக்குள் டிஜிசிஏக்குத் தகவல் போக வேண்டும். இந்தச் சம்பவம் டிஜிசிஏயின் கவனத்துக்கு வந்தது 2023 ஜனவரி 4 அன்று, அதாவது ஐந்து வாரங்களுக்குப் பிறகு. ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம், தலைமை விமானியின் உரிமம் மூன்று மாதம் நிறுத்தம், விமானச் சேவைப் பிரிவின் இயக்குநருக்கு 3 லட்சம் ரூபாய் அபராதம். அந்தப் பயணிக்கு முதலில் 30 நாள் தடை, பிறகு குழு விதித்த நான்கு மாதம். தகராறு செய்பவரை மட்டுமன்றி, தகராறை மூடி மறைப்பவரையும் விதி தண்டிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. பாதிக்கப்பட்ட பயணி புரிந்துகொள்ள வேண்டியதும் இதில்தான் இருக்கிறது. 'இருவரும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்' என்று ஊழியர்கள் சொன்னாலும், தெரிவிக்கும் கடமை நிறுவனத்தை விட்டு நீங்காது.

இனி மறுபக்கம். தகராறுகள் பலவும் தாமதத்தில் முளைக்கின்றன. 2024 ஜனவரியில் டெல்லியைப் பனி மூடியிருந்த நாட்களில், கோவா போக வேண்டிய இண்டிகோ விமானத்துக்குள் பயணிகள் பல மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் தாமதமாகும் என்று அறிவித்துக்கொண்டிருந்த விமானியை, பின்வரிசையிலிருந்து ஓடிவந்த ஒருவர் அடித்தார். கைது, ஜாமீன் எல்லாம் பின்னால் வந்தன. அந்த நேரத்தில் அந்தப் பயணி கேட்டுப் பெறக்கூடியவை நிறைய இருந்தன.

தாமதம், ரத்து, இடமில்லை என்று திருப்பி அனுப்புவது ஆகியவற்றுக்கு டிஜிசிஏயிடம் தனி விதி இருக்கிறது. இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்துக்கு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். ஐந்து மணி நேரம் வரையிலான பயணத்துக்கு அது மூன்று மணி நேரம். அதற்கும் நீண்ட பயணத்துக்கு நான்கு. தாமதம் ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானமா, முழுப் பணமா என்று பயணி தேர்ந்துகொள்ளலாம். இருபத்துநான்கு மணி நேரத்தைத் தாண்டினால் ஓட்டல் அறை. இரவு எட்டு மணிக்கும் அதிகாலை மூன்று மணிக்கும் இடையில் கிளம்ப வேண்டிய விமானமாக இருந்தால், ஆறு மணி நேரத் தாமதத்துக்கே அறை தர வேண்டும். இந்தக் கடைசி வரி பல கவுன்ட்டர்களில் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. நினைவூட்ட வேண்டியது நாம்தான்.

உறுதியான டிக்கெட்டோடு நேரத்துக்கு வந்தும், அதிகமாக விற்றுவிட்டோம் என்று திருப்பி அனுப்பினால், முதலில் தாமாக விட்டுக்கொடுப்பவர்களை நிறுவனம் தேட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானம் கொடுத்துவிட்டால் இழப்பீடு இல்லை. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் என்றால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைப் போல இரு மடங்கு, 10,000 ரூபாய்க்கு மிகாமல். அதற்கும் மேல் என்றால் நான்கு மடங்கு, 20,000 ரூபாய்க்கு மிகாமல். பனிமூட்டம், வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு, பாதுகாப்புச் சிக்கல் போன்றவற்றால் வரும் தாமதத்துக்கும் ரத்துக்கும் பண இழப்பீடு கிடையாது. 'வானிலை' என்ற சொல் கவுன்ட்டர்களில் அத்தனை தாராளமாகப் புழங்குவது இதனால்தான். உண்மையிலேயே வானிலைதானா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவதில் தவறில்லை.

விமானத்துக்குள் ஏற்றிவிட்டு மணிக்கணக்கில் உட்கார வைப்பதற்கும் 2024 மார்ச்சில் ஒரு வழி பிறந்தது. ஏறிய பிறகு நீண்ட தாமதமானால், பயணிகளை இறக்கி, புறப்பாட்டு வாயில் வழியாகவே வெளியேற விட விமானப் பாதுகாப்பு அமைப்பு அனுமதித்தது.

'அடங்காத பயணி' என்ற முத்திரை தவறான ஆளின் மேல் விழுவதும் உண்டு. 2022 மே 7 அன்று ராஞ்சியில், சிறப்புத் தேவையுள்ள சிறுவன் ஒருவன் விமான நிலையத்தில் பதற்றமாக இருந்ததால், மற்ற பயணிகளின் பாதுகாப்பு என்று காரணம் சொல்லி இண்டிகோ அவனை ஏற்ற மறுத்தது. சிறுவனை விட்டுவிட்டுப் போக முடியாமல் பெற்றோரும் தங்கிவிட்டார்கள். அங்கிருந்த சக பயணிகள் அவர்களுக்காக வாதாடியும் பலனில்லை. விசாரித்த டிஜிசிஏ, கனிவோடு கையாண்டிருந்தால் சிறுவன் அமைதியாகியிருப்பான், தரைப் பணியாளர்கள்தான் நிலைமையை முற்றவைத்தார்கள் என்று கூறி 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அத்தோடு நில்லாமல் ஜூலையில் விதியையும் திருத்தியது. மாற்றுத்திறன் என்ற காரணத்தைச் சொல்லி யாரையும் ஏற்ற மறுக்கக் கூடாது. பறக்கும்போது உடல்நிலை மோசமாகலாம் என்று நிறுவனம் கருதினால், மருத்துவர் அந்தப் பயணியை நேரில் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். அதன் பிறகும் மறுத்தால் காரணத்தை உடனே எழுத்தில் தர வேண்டும். இந்த ஒரு விதிக்காக அந்தக் குடும்பத்துக்கு நாடு கடன்பட்டிருக்கிறது.

உங்கள் மீது தடை விழுந்தால், உத்தரவு கைக்கு வந்த அறுபது நாட்களுக்குள் விமானப் போக்குவரத்து அமைச்சகம் அமைத்த மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம். அதன் தலைவர் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி. அங்கும் திருப்தி இல்லையென்றால் உயர் நீதிமன்றம். காலக்கெடு தாண்டிவிட்டால் எந்த விளக்கமும் எடுபடாது. எனவே தடை அறிவிப்பு மின்னஞ்சலில் வந்தால், வந்த தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

புகார் உங்கள் பக்கம் என்றால், நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு முதலில் எழுதுங்கள். அவருடைய தொடர்பு விவரம் நிறுவனத்தின் இணையதளத்திலேயே இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் அமைச்சகத்தின் ஏர்சேவா தளம். அதற்கும் பிறகு நுகர்வோர் உதவி எண் 1915, நுகர்வோர் ஆணையம். எழுதும்போது கோபத்தைக் குறைத்து விவரத்தைக் கூட்டுங்கள். பிஎன்ஆர் எண், விமான எண், கதவு மூடிய நேரம், அறிவிப்புப் பலகையின் படம், ஊழியரின் பெயர் அட்டையில் இருந்த பெயர், அவர் சொன்ன காரணம் ஆகியவை போதும். போர்டிங் பாஸைக் கிழித்து எறிந்துவிட்டு வந்தால், புகார் முதல் கட்டத்திலேயே நின்றுவிடலாம்.