பொலிஸ் உத்தியோகத்தர் ஏன் வகுப்புக்குப் போகவேண்டும்?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா நீதிமன்றங்களில் குற்ற வழக்குகளில் ஆஜராகும் சட்டத்தரணி நான். எந்த வழக்கை எடுத்தாலும் முதலில் கேட்டு வாங்குவது பொலிஸ் தகவல் புத்தகத்தில் பதிந்த வாக்குமூலங்களின் பிரதியைத்தான். முறைப்பாட்டாளர் நிலையத்துக்குப் போன அன்று என்ன எழுதப்பட்டது என்று வாசித்தாலே வழக்கு எங்கே போய் நிற்கும் என்பது ஓரளவு தெரிந்துவிடும். எழுதியவர் பெரும்பாலும் இரவுக் கடமையில் இருந்த ஒரு கான்ஸ்டபிள், இல்லாவிட்டால் ஒரு சார்ஜன்ட். மேல் நீதிமன்ற நீதிபதியும் அரச சட்டத்தரணியும் நானும் வருடக்கணக்கில் வாதாடுவது அவர் எழுதிய அந்த ஒன்றிரண்டு பக்கங்களை வைத்துத்தான்.

வன்னியில் பொலிஸைப் பற்றி நாங்கள் நிறையப் பேசுகிறோம். மொழி தெரியாதவர்கள், மணல் டிப்பரைப் பிடிக்கமாட்டார்கள், கசிப்புக்காரனோடு சிநேகிதம் என்று. அவற்றில் பலவற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உத்தியோகத்தர் என்ன படித்திருக்கிறார், இனி என்ன படிக்கலாம் என்று யாரும் பேசுவதில்லை. பயிற்சிக் கல்லூரியில் அணிவகுப்பும் ஆயுதமும் சட்டப் பிரிவுகளும் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். ஒரு பிரிவு ஏன் அப்படி எழுதப்பட்டிருக்கிறது, அது நீதிமன்றத்தில் எப்படி வேலை செய்கிறது என்று இருந்து யோசிக்க அங்கே நேரம் போதாது. பல்கலைக்கழகத்தில் குற்றவியல் நீதி, சாட்சியச் சட்டம், குற்றவியல் என்று பாடம் எடுத்துப் படிப்பதன் பயன் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சாதாரண அடிதடி வழக்கைப் பாருங்கள். வேலிச் சண்டையில் ஒரு அம்மாவுக்கு அடி விழுகிறது. வாக்குமூலத்தில் "என்னைத் தாக்கினார்" என்று ஒரே வரி. வழக்கு விளக்கத்தில், அதாவது நீதிமன்ற விசாரணையில், அவர் "மண்வெட்டிப் பிடியால அடிச்சவர்" என்கிறார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பி, "மண்வெட்டிப் பிடியைப் பற்றிப் பொலிஸில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே?" என்று கேட்கிறார். "சொன்னனான் ஐயா, அவர் எழுதேல்லை." இந்தப் பதிலை நான் கேட்காத மாதம் இல்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 314ஆம் பிரிவில் வரும் சாதாரண காயத்துக்கும், ஆபத்தான கருவியால் ஏற்படுத்திய காயம் என்று 315ஆம் பிரிவில் வருவதற்கும் இடையிலுள்ள தூரம் அந்த எழுதாத சொல்தான். வழக்கு விளக்கத்தில் அது விடுபாடாக, அதாவது முதலில் சொல்லாததைப் பிறகு கூட்டிச் சொன்னதாக, அந்த அம்மாவின் தலையிலேயே விழுகிறது. அவர் பொய் சொல்பவராகிப் போகிறார்.

பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சி சொல்வதை உறுதிப்படுத்தப் பயன்படுத்த முடியாது. ஆனால் முரண்பாட்டைக் காட்டப் பயன்படுத்தலாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு அப்படித்தான் இருக்கிறது. இதைப் பாடமாகப் படித்த ஒருவர் பேனாவைப் பிடிக்கும் விதமே வேறு. எதால் அடித்தார், எத்தனை அடி, உடம்பில் எங்கே, வெளிச்சம் எங்கிருந்து வந்தது, பக்கத்தில் யார் நின்றார்கள் என்று கேட்டு எழுதுவார். தான் எழுதுவதை இரண்டு மூன்று வருடம் கழித்து ஒருவர் வரிவரியாகப் பிரித்து வாசிப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

அதே சட்டக்கோவையின் 109ஆம் பிரிவை வன்னியில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்லும் முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலேயே எழுதி, வாசித்துக் காட்ட வேண்டும். உத்தியோகத்தருக்கு அந்த மொழியில் எழுத முடியாவிட்டால் முறைப்பாட்டாளரையே எழுதித் தரச் சொல்ல வேண்டும். அவருக்கும் முடியாது என்றால்தான் வேறு தேசிய மொழியில் எழுதலாம். அப்போதும் காரணத்தைப் பதிந்து, விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். அரசியலமைப்புப்படி வடக்கு கிழக்கின் நிர்வாக மொழி தமிழ் என்பது இதற்கு மேலதிகம். தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கிய வாக்குமூலங்கள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன. அதை எழுதிய பலருக்கு அது சட்டத்துக்கு மாறு என்பதே தெரியாது. தெரியாமல் செய்தாலும் பாதிக்கப்பட்டவருக்கு நட்டம் ஒன்றுதான்.

குற்ற ஒப்புதல் விஷயத்துக்கு வருகிறேன். படிப்பின் பலன் மிகத் தெளிவாகத் தெரிவது இங்கேதான். தோட்டக் கிணற்றடியில் இருந்து தண்ணீர்ப் பம்ப் களவு போவது எங்கள் ஊர்களில் அடிக்கடி நடப்பது. பிடிபட்டவர் "நான்தான் எடுத்தனான். குளக்கட்டுக்குக் கீழ பத்தைக்குள்ள மறைச்சு வைச்சிருக்கிறன், வாங்கோ காட்டுறன்" என்கிறார் என்று வையுங்கள். பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, எதிராக நிரூபிக்க முடியாது என்று 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் 25ஆம் பிரிவில் சொல்கிறது. 27ஆம் பிரிவு ஒரு விலக்குத் தருகிறது. சொன்ன தகவலால் ஒரு விஷயம் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதியை மட்டும் நிரூபிக்கலாம். ஆகவே "நான்தான் எடுத்தனான்" என்பது நீதிமன்றத்துக்கு வராது. மறைத்து வைத்த இடம் பற்றிய பகுதி வரும்.

இது தெரியாத உத்தியோகத்தருக்கு ஒப்புதல்தான் வழக்கு. அதை எடுப்பதற்காக என்னென்னவோ நடக்கும். தெரிந்தவர், நீதிமன்றத்தில் எடுபடாத ஒன்றுக்காக ஒரு மனிதனை அடிப்பதால் என்ன பயன் என்று யோசிப்பார். தன் நேரத்தைப் பம்பை மீட்பதில் செலவழிப்பார்: எத்தனை மணிக்குப் போனோம், யார் கூட வந்தார்கள், எந்த நிலையில் பொருள் இருந்தது, படம் எடுத்தோமா, முத்திரையிட்டு யாரிடம் ஒப்படைத்தோம். 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைக்கு எதிரான சட்டத்தின் கீழ் குற்றவாளியானால் குறைந்தது 7 வருடச் சிறை. வகுப்பில் இதைப் படிக்கிற உத்தியோகத்தர் சந்தேகநபரோடு சேர்த்துத் தன்னையும் தன் குடும்பத்தையும் காப்பாற்றிக்கொள்கிறார். பயங்கரவாதத் தடைச் சட்டம் மட்டும் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவர் எடுக்கும் ஒப்புதலை ஏற்கிறது. அந்த ஒரு விலக்கு எங்கள் மக்களுக்குச் செய்த கொடுமையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

காணிப் பிணக்குகள் பற்றிப் பொலிஸாரிடம் அதிகம் கேட்கிற வார்த்தை, "இது சிவில் பிரச்சினை, வழக்குப் போடுங்கோ." 2009க்குப் பிறகு திரும்பி வந்த குடும்பங்களில் அனுமதிப் பத்திரம் தொலைந்தவர்கள், எல்லைக்கல் இல்லாதவர்கள், தங்கள் காணியில் வேறொருவர் குடியிருக்கக் கண்டவர்கள் எத்தனையோ பேர். சமாதானக் குலைவு வரக்கூடிய காணிப் பிணக்கென்றால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி பொலிஸ் அதை நீதிமன்றத்துக்கு அறிக்கையிட வேண்டும். அறிக்கையிட்ட நாளில் காணி யார் வசம் இருந்தது என்பதை நீதிமன்றம் பார்க்கும். அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால் அவரை மீளக் குடியமர்த்தவும் கட்டளையிடலாம். இரண்டு மாதம்! "சிவில் பிரச்சினை" என்று சொல்லி ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பும்போது அவருடைய அந்த இரண்டு மாதமும் கரைகிறது. பாதிக்கப்பட்டவர் தாமே சத்தியக்கடதாசியோடு அதே பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்குப் போகலாம். இதை வாசிப்பவர்கள் தயவுசெய்து நான்கு பேருக்குச் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னவை சட்டம். குற்றவியல் நீதிப் படிப்பில் சட்டத்துக்கு வெளியே உள்ள பகுதிதான் வன்னிக்கு இன்னும் அவசியம் என்று நினைக்கிறேன். நினைவு எப்படி வேலை செய்கிறது, பயந்த மனிதர் ஏன் ஒழுங்காகக் கோர்வையாகச் சொல்லமாட்டார், ஒரு குழந்தையிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிரபராதிகள் பலர் பொய்யான ஒப்புதலால் சிறையிருந்தது வெளிவந்த பிறகு, 1992இல் விசாரணை முறையையே மாற்றினார்கள். முதலில் ஆயத்தம், பிறகு விளக்கம் சொல்லி உறவை ஏற்படுத்துதல், குறுக்கிடாமல் கேட்டல், முடித்தல், மதிப்பிடுதல் என்று அது போகும். ஒப்புதல் எடுப்பதை விட்டுத் தகவல் சேர்ப்பதை இலக்காக வைத்த முறை அது.

எங்கள் ஊரில் சீருடையைக் கண்டதும் கை நடுங்குகிற தாய்மார் இருக்கிறார்கள். முகாமில் இருந்தவர்கள், பிள்ளையைத் தேடி வருடக்கணக்காக வரிசையில் நின்றவர்கள். அவர்களிடம் "எத்தனை மணி? என்ன கலர் சேட்டு? டக்கெண்டு சொல்லுங்கோ" என்று கேட்டால் ஒன்றும் வராது. வந்தாலும் பிழையாக வரும். "முதலில இருந்து உங்களுக்கு ஞாபகம் இருக்கிற மாதிரிச் சொல்லுங்கோ அம்மா, நான் பிறகு கேக்கிறன்" என்று ஒரு உத்தியோகத்தர் சொன்னால் அந்த வாக்குமூலம் வேறு தரத்தில் இருக்கும். வேலைக்கு மேலாகச் சட்டமாணிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கான்ஸ்டபிள் நீதிமன்ற வளவில் என்னிடம் சொன்னது இது: "மிஸ், முந்தி அழுதா எழுதாம இருப்பன். இப்ப அழுறதையும் நேரத்தோட எழுதுறன்." அவர் பதிந்த ஒரு வாக்குமூலத்தை நான் எதிரித் தரப்பில் நின்று வாசித்திருக்கிறேன். குறுக்கு விசாரணைக்கு அதில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அது நல்ல வேலை.

குற்ற இடம் பற்றியும் ஒன்று. 2023 ஜூன் மாத இறுதியில் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. அப்படியொரு இடத்துக்கு முதலில் போகும் உத்தியோகத்தர் இயந்திரத்தை நிறுத்தி, சுற்றிக் கயிறு கட்டி, ஒன்றையும் எடுக்காமல் நீதவானுக்கு அறிவிக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் கலைந்த மண்ணை எந்த நிபுணராலும் திரும்ப அடுக்க முடியாது. வன்னி மண்ணில் இது இன்னும் எத்தனை இடத்தில் தேவைப்படுமோ.

பொலிஸாரைக் கல்லூரிக்கு அனுப்பும் யோசனை அமெரிக்காவில் நூறு வருடத்துக்கு மேல் பழையது. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரப் பொலிஸ் தலைவர் ஆகஸ்ட் வோல்மர் 1908இல் தன் ஆட்களுக்கு ஒரு பாடசாலை தொடங்கினார். 1916இல் அங்கேயுள்ள பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து குற்றவியல் வகுப்புகளும் வந்தன. 1967இல் ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று, பொலிஸார் எல்லோரும் காலப்போக்கில் பட்டதாரிகளாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. அடுத்த வருடச் சட்டத்தோடு உத்தியோகத்தர்களின் படிப்புக்கு அரசு பணம் கொடுக்கத் தொடங்கியது. பணம் வந்ததும் பாடநெறிகள் முளைத்தன. அவற்றில் பல பயிற்சிக் கல்லூரிப் பாடத்தையே திரும்பச் சொல்கின்றன என்ற கடுமையான விமர்சனம் 1978இல் வந்தது. எங்களுக்கும் அது எச்சரிக்கை. பதவி உயர்வுக்குப் புள்ளி சேர்க்கும் சான்றிதழாக மட்டும் இது ஆகிவிட்டால் ஒரு வாக்குமூலமும் திருந்தாது.

பலன் இருக்கிறதா என்று ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். ரைட்பெர்க், டெரில் என்ற இரு ஆய்வாளர்கள் இரண்டு அமெரிக்க நகரங்களின் தரவுகளை வைத்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரிப் படிப்புள்ளவர்கள் பலத்தைப் பிரயோகிக்கும் சாத்தியம் குறைவாக இருந்தது. கைது செய்வதிலும் சோதனையிடுவதிலும் வித்தியாசம் தெரியவில்லை. படிப்பு எல்லாவற்றையும் மாற்றும் என்று நான் சொல்லவரவில்லை. அரசியல் தலையீட்டையும் இலஞ்சத்தையும் ஒரு பட்டம் தீர்க்காது. ஆனால் பலப்பிரயோகம் குறைகிறது என்ற ஒன்றே வன்னிக்குப் பெரிய விஷயம்.

சரி, எங்கே படிப்பது? ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகம் குற்றவியலையும் குற்றவியல் நீதியையும் கற்பிக்கிறது. முல்லைத்தீவில் கடமையில் இருப்பவருக்கு அது எட்டாத தூரம். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணிப் பட்டத்துக்குத் தெரிவுப் பரீட்சை எழுதி, வேலையை விடாமல் படிக்கலாம். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் அதன் நிலையங்கள் இருக்கின்றன. விண்ணப்பிக்கும் முன் எந்த மொழியில் வகுப்பு, எந்த மொழியில் பரீட்சை என்று நேரில் கேளுங்கள். தனியார் நிறுவனம் ஒன்றில் பணம் கட்டுவதானால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பாடத்திட்டத்தில் சாட்சியச் சட்டமும், பாதிக்கப்பட்டோர் பற்றிய பாடமும், விசாரணை உளவியலும் இல்லாவிட்டால் அந்தப் பாடநெறியால் உங்கள் வேலைக்குப் பெரிய உதவி வராது.

பெரிய தடை கடமைப் பட்டியல். சனிக்கிழமை வகுப்பு என்றால் சனிக்கிழமைதான் கோயில் திருவிழாக் கடமை வரும். பரீட்சை அன்று லீவு இரத்தாகும். படிக்கிறவருக்கு வகுப்பு நாளை ஒதுக்கிக் கொடுப்பது பொறுப்பதிகாரியின் கையில் இருக்கிறது. அவருக்கும் இதில் இலாபம் உண்டு. நிலையத்தில் ஒருவர், விசாரணை பற்றி நீதவானுக்குக் கொடுக்கும் 'பி' அறிக்கையை ஒழுங்காக எழுதினால், நீதவான் திறந்த மன்றில் கேட்கும் கேள்விகள் குறையும்.

பொலிஸில் சேர யோசிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் இதையே சொல்வேன். கான்ஸ்டபிளாகச் சேர சாதாரண தரம் போதும். அதோடு நிறுத்த வேண்டியதில்லை. "பொலிஸுக்குப் போனா ஊரில மதிக்கமாட்டினம்" என்ற பயம் எனக்கு விளங்குகிறது, அதற்குக் காரணங்களும் இருக்கின்றன. ஆனால் தமிழில் கேட்டு, தமிழில் எழுதி, சாட்சியச் சட்டம் தெரிந்த ஒருவர் மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ மேசைக்குப் பின்னால் இருப்பது ஊருக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் ஒவ்வொரு தவணையிலும் காண்கிறேன்.

வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சட்டம் கற்பிக்கிறது, கிளிநொச்சி அறிவியல் நகரில் அதன் பீடங்களும் இருக்கின்றன. வார இறுதியில், தமிழ் வழியில், பொலிஸாரும் நீதிமன்ற உத்தியோகத்தரும் கிராம அலுவலரும் ஒன்றாக இருந்து படிக்கக்கூடிய ஒரு குற்றவியல் நீதிச் சான்றிதழ்ப் பாடநெறி இந்த இரண்டு இடத்திலும் நடக்க வேண்டும். கட்டடமும் இருக்கிறது, விரிவுரைக்கு வரக்கூடியவர்களும் இருக்கிறார்கள். சாட்சியச் சட்டம் எடுக்க ஆள் வேண்டுமென்றால் என்னைப் போன்ற சட்டத்தரணிகள் சம்பளம் கேட்காமல் வருவோம்.