"கெம்பஸ்ல யாருக்கும் ஓ.டி. இல்லையாம் சேர்"

சென்ற மாதம் ஹட்டனில் உள்ள என் அலுவலகத்துக்கு ஒரு தங்கச்சி அம்மாவோடு வந்திருந்தார். பொகவந்தலாவைப் பக்கத் தோட்டப் பிள்ளை. கண்டியில் ஒரு தனியார் உயர்கல்வி நிறுவனத்தில் வேலை. நியமனக் கடிதத்தில் 'கல்வி இணைப்பாளர்' என்று இருக்கிறது. காலை எட்டரைக்குப் போனால், மாலை வகுப்பு முடிந்து கதவைப் பூட்டும்வரை நிற்க வேண்டும். மாணவர் பதிவு, கட்டணப் பற்றுச்சீட்டு, போட்டோ கொப்பி எல்லாம் அவர்தான். ஓ.டி., அதாவது மேலதிக நேர வேலைக்கான காசு, கேட்டதற்கு வந்த பதில்தான் மேலே தலைப்பில் இருப்பது.

இதே பதிலோடு மலையகப் பிள்ளைகள் பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் நம்பிவிடுகிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரையாளர் இரவு பதினொரு மணிவரை விடைத்தாள் திருத்தினாலும் அவருக்கு ஓ.டி. கிடையாது. அரச பல்கலைக்கழகத்தில் கல்விசார் பதவிக்கு மாதச் சம்பளமும் கொடுப்பனவுகளும்தான். ஆனால் அதே வளாகத்தில் லிகிதர், சாரதி போன்ற கல்விசாரா ஊழியர் முன் அனுமதியோடு மேலதிக நேரம் வேலை செய்தால் ஓ.டி. உண்டு.

சரி, தனியார் நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை செய்பவர்? அங்கே 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தைப் பார்க்க வேண்டும். சாப்பாட்டு நேரம் போக நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு. அந்த மேலதிக நேரமும் வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. நிறைவேற்றுத் தரப் பதவியில் இருப்பவருக்கு இது பொருந்தாது. அதனால்தான் சில இடங்களில் பதவிக்குப் பெரிய பெயராக வைக்கிறார்கள். பெயரை விடுங்கள், செய்கிற வேலையைப் பாருங்கள். ஆள் எடுக்க, லீவு கொடுக்க, செலவுக்கு அனுமதி தர உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா? இந்தத் தங்கச்சி ஒரு கட்டுக் கடதாசி வாங்கவே மேலே கையெழுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

கணக்கு இலேசானது. மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்து, ஒன்றரையால் பெருக்குங்கள். சம்பளம் 48,000 ரூபாய் என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு 200, ஓ.டி. 300. மாதம் 30 மணித்தியாலம் கூடுதலாக நின்றால் 9,000 ரூபாய். தோட்டத்து வீட்டில் அது எவ்வளவு பெரிய காசு என்று எனக்குத் தெரியும்.

"எத்தனை மணித்தியாலம் கூட நின்றீங்க?" என்று கேட்டேன். பதில் இல்லை. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அம்மாவுக்குத்தான் கோபம் வந்துவிட்டது. "கொழுந்து நிறுக்கிறப்ப ஒரு கிலோ குறைஞ்சாலும் நான் விடமாட்டேன். நீ இத்தனை நாளும் ஒண்ணும் எழுதலையா?"

அப்புறம்தான் அந்தப் பிள்ளைக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஒவ்வொரு இரவும் பூட்டியதும் முகாமையாளருக்கு வாட்ஸ்அப்பில் "கதவு பூட்டியாச்சு சேர்" என்று அனுப்ப வேண்டுமாம். போனை வாங்கிப் பார்த்தேன். 7.40, 8.05, 7.55. நாள் தவறாமல் இருந்தது. தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கும்போது கையில் இருக்க வேண்டியது இப்படிப்பட்ட பதிவுதான்.

ஒரு சி.ஆர். கொப்பி எடுத்துக் கொடுத்தேன். மகள் திகதியும் நேரமும் வாசிக்க வாசிக்க நான் எழுதினேன். அம்மா பக்கத்தில் இருந்து, அடுத்த பக்கத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.