எழுத்துக் கல் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு

கல்வெட்டுகளை மைப்படி எடுப்பது என் வேலை. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்தில் இறக்கி, மேலே மை ஒற்றுவோம். மதுரையைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஆடு மேய்ப்பவரையும் நீர்பாய்ச்சியையும்தான் தேடுவேன். எந்தப் பாறையில் எழுத்து இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாயில் கரை வேலை நடந்தது. ஜேசிபி பழைய மடைத்தூணைப் பிடுங்கிப் போட்டிருந்தது. நான் போனபோது பாதி உடைந்து ஜல்லியோடு கலந்துவிட்டது. மடை கட்டிக்கொடுத்தவர் பெயரில் கடைசி இரண்டு எழுத்துதான் மிச்சம். "அது என்ன கல்லுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்போமே சார்" என்றார் ஒரு பெரியவர். அந்தக் கல்லை எங்கள் தொல்லியல் துறைக்காரர்கள் முன்பே படியெடுத்திருந்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று ஊருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தத் தவறு எங்களுடையது.

தன் மலையைத் தெரிந்துவைத்திருக்கும் ஊர் எப்படி நிற்கும் என்பதை அரிட்டாபட்டியில் பார்த்தோம். தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டு, சமணத் துறவிகள் தங்கிய கற்படுக்கை, பாண்டியர் காலத்தில் பாறையைக் குடைந்து செய்த குடைவரைக் கோயில் எல்லாம் அங்கே உண்டு. பக்கத்து மீனாட்சிபுரத்து மலையில் சங்ககாலப் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயரே இருக்கிறது. 2022 நவம்பரில் இந்த இரண்டு கிராமங்களிலும் சேர்த்து 193.42 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் இந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது சுற்றுவட்டார மக்கள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், மதுரை வரை ஊர்வலமாக வந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

சரி, உங்கள் ஊரில் என்ன செய்யலாம்? எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று பெயிண்ட் பூசாதீர்கள், சாக்பீஸாலும் தேய்க்காதீர்கள். நல்ல மனதோடு செய்கிறார்கள், ஆனால் தேய்ந்த எழுத்தின் மேல் பெயிண்ட் கோடு தப்பாக விழுந்துவிட்டால் அப்புறம் அதுதான் எழுத்து என்று ஆகிவிடும். கோயில் திருப்பணியில் சிமெண்ட் பூசுவதற்கு முன் சுவர் முழுவதையும் போட்டோ எடுத்துவிடுங்கள்.

தோட்டத்தில் குழி வெட்டும்போது தாழி (அந்தக் காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த பெரிய மண்பானை) தெரிந்தால் பலரும் சத்தமில்லாமல் மூடிவிடுகிறார்கள். நிலம் பறிபோய்விடும் என்ற பயம். கீழடியில் தென்னந்தோப்புக்காரர்கள் சம்மதித்துக் கொடுத்த நிலத்தில்தான் தோண்டினார்கள். முதல் கட்டங்களில் தோண்டிய குழிகள் பலவற்றைப் பதிவுசெய்துவிட்டு மூடியும் தந்தார்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தாழியை வெளியே எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். அளவு தெரிய பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுத்து வி.ஏ.ஓ.விடம் காட்டுங்கள். உள்ளே இருக்கும் மண்ணும் எங்களுக்குச் சான்றுதான்.

அந்த மேலூர்ப் பக்கத்து ஊரில் மீதிக் கல்லை மந்தையில் ஊன்றிவிட்டார்கள். பழைய மைப்படியைத் தேடிப் பிடித்து முழு வாசகத்தையும் எழுதிக் கொடுத்தேன். பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள்.