போட்: துறையா, வாசலா?

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கோயில்களில் தேர் இழுப்பதைக்கூட இப்போது நேரலையில் விடுகிறார்கள். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளும் வெளிநாட்டில் இருக்கிறவர்களும் பார்க்க வேண்டுமே. அதற்கென்று வாங்கிய, கேமராப் படத்தை இணையத்தில் அனுப்பும் என்கோடர் பெட்டியின் மொழியைத் தமிழுக்கு மாற்றினால், ஆங்கிலத்தில் ‘போட்’ (port) என்றிருந்த இடத்தில் ‘துறைமுகம்’ என்று ஒரு கட்டம் வந்து நிற்கிறது. அதைப் பார்த்த கேமராக்காரத் தம்பி, “அண்ணே, இதுல கொழும்பு போடவா, திருகோணமலை போடவா?” என்று கேட்டான். அவன் மேல் தப்பே இல்லை. துறைமுகம் என்று எழுதியிருந்தால் எவருக்கும் ஊர்ப் பெயர்தான் நினைவுக்கு வரும். அங்கே போட வேண்டியிருந்தது 1935.

ஆர்டிஎம்பி என்ற நேரலை முறைக்கு வழக்கமான எண் அது. இப்படி 0 முதல் 65535 வரை எண்கள் உண்டு. சாதாரண இணையப் பக்கத்துக்கு 80, மறையாக்கம் செய்த பக்கத்துக்கு 443, வலையில் இணைக்கும் ஐபி கேமராக்களின் படத்தை எடுக்கும் ஆர்டிஎஸ்பி முறைக்கு 554. ஒரே ஐபி முகவரிக்கு, அதாவது வலையில் ஒரு கருவியின் விலாசத்துக்கு, வந்து சேரும் தரவு எந்த மென்பொருளுக்கு உரியது என்று பிரித்துக் காட்டுவதுதான் இந்த எண்ணின் வேலை. மலையகத்தாருக்கு இது சட்டென்று விளங்கும். பல தோட்டங்களில் லயத்துக்கென்று, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கென்று, தனி விலாசம் இல்லை. கடிதம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். எந்த லயம், அதில் எந்தக் காம்பரா (அறை) என்று தெரிந்தால் உரியவர் கைக்குப் போகும், தெரியாவிட்டால் மேசையிலேயே கிடக்கும். ஐபி முகவரி தோட்டத்தின் பெயர் என்றால், போட் என்பது காம்பரா வாசல்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் போர்ட்டஸ் துறைமுகம், போர்ட்டா வாசல். இரண்டுக்கும் வேர் ஒன்றே. கடந்து போதல் என்பது அடிப்படை. ஆங்கிலத்துக்கு வந்தபோது இரண்டும் தேய்ந்து ஒரே ஒலியாகிவிட்டன. கப்பலின் பக்கத்தில் பீரங்கிக்கு விட்ட திறப்பும், இயந்திரத்தில் நீராவி போய்வரும் திறப்பும், கணினியின் போட்டும் வாசல் வழி வந்தவை. துறைமுகம் என்று எழுதியவர் அகராதியின் முதல் பொருளோடு கடையைச் சாத்திவிட்டார்.

சரி, அது சிரித்துவிட்டுப் போகிற தப்பு. என் சண்டை ‘துறை’யோடு. கலைச்சொல் பட்டியல்களில் ஏறி உட்கார்ந்திருக்கும் சொல், படித்தவர்கள் பரிந்து பேசும் சொல். நல்ல தமிழ்தான். ஆற்றில் இறங்கும் இடம், தோணி அணையும் இடம். பருத்தித்துறை, காங்கேசன்துறை என்று ஊர்ப் பெயராகவே நிற்கிறது. மன்னார்க் கரையில் இறங்கி மலைக்கு நடந்தே வந்தவர்களின் வாரிசுகளுக்குத் துறைமேல் கோபம் வர ஒரு நியாயமும் இல்லை. ஆனால் தோட்டத்தை நிர்வகிக்க ‘துரை’ என்று ஒருவர் இருக்கிறாரே! பெரிய துரை, சின்ன துரை. எங்கள் பேச்சில் றகரமும் ரகரமும் காதுக்கு ஒன்றுதான். மழைக்குள் நின்றுகொண்டு போனில் “துறையத் தொறந்துட்டியா?” என்று கத்திப் பாருங்கள், பக்கத்தில் நிற்கும் கணக்கப்பிள்ளை திரும்பிப் பார்ப்பார். எழுத்திலாவது தப்புமா என்றால் அதுவும் இல்லை. கல்வித் துறை, சுகாதாரத் துறை, பெருந்தோட்டத் துறை என்று நாள் முழுக்கப் படிக்கிற கண்ணுக்கு, ‘துறை அமைப்புகள்’ என்பது ஏதோ அமைச்சின் கீழுள்ள சங்கங்கள் மாதிரித்தான் தெரியும்.

இதெல்லாம் பழகினால் போய்விடும் என்பார்கள். பழகினாலும் போகாத ஒன்று வினைச்சொல். நேரலை ஏன் போகவில்லை என்று பார்க்கிறவர் நாள் முழுக்கச் சொல்வது திற, மூடு, தட்டு, மறி. ஒரு சாதாரணச் சிக்கலையே எடுத்துக்கொள்வோம். ஆர்டிஎம்பியில் படம் வெளியே போகிறது. வாசல் 1935 திறந்திருக்க வேண்டியது படத்தை வாங்கும் அந்தப் பக்கத்து சர்வரில். நம் ரவுட்டரில் எதையும் திறக்கத் தேவையில்லை, வெளியே போவதை மறிக்காமல் இருந்தால் போதும். மறித்தால், சர்வர் இடம் கொடுக்குமானால், 443 வாசலில், அதன் மறையாக்கம் செய்த வடிவமான ஆர்டிஎம்பிஎஸ் முறைக்கு மாறலாம். எஸ்ஆர்டி என்ற இன்னொரு நேரலை முறையில், அடுத்தவர் வந்து தட்டக் காத்திருக்கும் ‘லிசனர்’ என்று நம் பெட்டியை வைத்தால்தான் நம் வாசலைத் திறக்க வேண்டும், அதுவும் யுடிபி வாசலை. தரவு அனுப்பும் முறைகளான யுடிபிக்கும் டிசிபிக்கும் வாசல்கள் தனித்தனி. அதே எண்ணை டிசிபியில் திறந்து வைத்துவிட்டுப் படம் வரவில்லையே என்று மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். சிம் போட்ட ரவுட்டர் என்றால் அதன் வெளிமுகவரியையும் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் வெளிவாசல் தொலைபேசிக் கம்பெனியின் கையில், நாம் இங்கே எதைத் திறந்தும் பயனில்லை. அப்போது நம் பெட்டியைக் ‘காலர்’ ஆக்கி, நாமே போய் அடுத்தவர் வாசலைத் தட்ட வேண்டியதுதான்.

மேலே வாசல் வருகிற இடத்திலெல்லாம் துறை என்று போட்டு வாசித்துப் பாருங்கள். துறையில் இறங்கலாம், குளிக்கலாம், தோணியைக் கட்டலாம். தட்ட முடியாது.

மொழிபெயர்ப்பவர்களைச் சொல்லி என்ன பயன்? திரையை அவர்களுக்குக் காட்டுவதே இல்லை. ஒற்றைச் சொற்களை மட்டும் பட்டியலாக நீட்டுகிறார்கள், முக்கால்வாசி இயந்திரமே முடித்துவிடுகிறது. அதனால்தான் ஸ்ட்ரீம் ‘ஓடை’ ஆகிறது, அதன் கீ ‘ஓடைச் சாவி’ ஆகிறது, போட் பார்வர்டிங் ‘துறைமுக முன்னனுப்பல்’ ஆகிறது. ஓடை எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடுகிறது, அதற்குச் சாவி யாரிடமும் இல்லை. பார்வர்டிங்கை ‘வாசலுக்குத் திருப்பிவிடுதல்’ என்றால் முதன்முறை பார்க்கிறவனுக்கும் புரியும்.

‘போட்’ என்றே விட்டுவிடலாமே என்பவர்களுக்கு: எங்கள் வாயில் போர்டும் போட், படகும் போட். சொல்லாமலே இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பெட்டியின் முதுகில் எச்டிஎம்ஐ வயரும் லேன் வயரும் செருகுகிற ஓட்டைக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர். “போட்டச் செக் பண்ணு” என்றால் தம்பி வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகுகிறான், எண்ணைப் பார்ப்பதில்லை. ஆங்கிலம் ஒன்றாக்கியதை நாமும் ஒன்றாக்க வேண்டிய அவசியம் என்ன? ஓட்டைக்குச் ‘செருகுவாய்’, எண்ணுக்கு ‘வாசல்’.

அப்போது கேட்வேயை என்ன செய்வது என்று கேட்பார்கள். அதற்கு ‘நுழைவாயில்’ என்று எழுதுவது வழக்கம். இரண்டும் ஒரே திரையில் வந்தால் குழம்பும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்வே ஒரு வலையமைப்பிலிருந்து அடுத்ததுக்குத் தாண்டும் இடம், அதற்குப் புகையிரதக் கடவையில் இருக்கிற ‘கடவை’ போதும். கட்டத்தின் மேல் மட்டும் வெறும் ‘வாசல்’ என்று விடாமல் ‘வாசல் எண்’ என்று முழுதாக எழுதுங்கள். இடம் போதாது என்றால் எழுத்தைச் சிறிதாக்குங்கள்.