குவான்டைஸ் காப்பாற்றாது: ரெக்கார்ட் பட்டனைத் தொடும் முன் டெம்போவை வையுங்கள்

டெம்போ வைக்காமல் பதிந்துவிட்டு என்னிடம் ஒருவர் வருவது இந்த மாதத்தில் இது நான்காவது முறை. கோத்தகிரியை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை. கீபோர்டைக் கம்பளியில் சுற்றித் தோளில் சுமந்துகொண்டு, என் ஒலிப்பதிவுக் கூடத்தின் படிகளை ஏறி வந்தார். ஊர்த் தேவாலயத்துக்காக ஆறு கிறிஸ்துமஸ் பாடல்கள். ஒன்பது நாள் பகல் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, வாசிப்பைப் பதிந்து வைக்கும் சீக்வென்சரில் பதிந்திருக்கிறார். மேலே டோலக்கும் கிதாரும் பாடகர் குழுவும் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்றார்.

"கிளிக் எவ்வளவில் வைத்து வாசித்தீர்கள், தம்பி?"

"கிளிக் ஓடினால் கவனம் சிதறுகிறது அண்ணா, அணைத்துவிட்டேன். ஆனால் எல்லாவற்றையும் குவான்டைஸ் செய்துவிட்டேன்."

கிளிக் என்பது வாசிக்கும்போது கருவி அடிக்கு அடி தட்டிக்காட்டும் ஓசை. குவான்டைஸ் என்பது வாசித்த சுரங்களைக் கருவியே தாளக் கோடுகளுக்கு நகர்த்துவது. திரையைப் பார்த்தேன். ஆறு பாடல்களுக்கும் டெம்போ 120, அதாவது நிமிடத்துக்கு 120 அடி; தாள அளவு 4/4, அதாவது ஒரு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) நான்கு அடி. அதில் இரண்டு பாடல்கள் மூன்று எண்ணிக்கையில் நடப்பவை. ஓடவிட்டால் ஒவ்வொன்றும் நொண்டுகிறது. அவருக்கும் அது கேட்டிருக்கிறது. கீபோர்டு பழுதாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

கீபோர்டில் ஒரு பழுதும் இல்லை. அந்த 120-ஐயும் 4/4-ஐயும் அவர் தேர்ந்தெடுக்கவே இல்லை. பல கருவிகள் சுவிட்சைப் போட்டதும் வந்து நிற்கும் இடம் அது. மிடி கோப்பில் (வாசித்த சுரங்களைக் கருவி சேமிக்கும் கோப்பு) டெம்போ குறிக்கப்படாவிட்டாலும் 120 என்றுதான் கருவி எடுத்துக்கொள்ளும். யாரும் கேட்காத அந்த எண்ணின் மேல் ஒன்பது நாள் உழைப்பு போய் உட்கார்ந்துவிட்டது.

'வாசிப்பதை வாசித்துவிடு, குவான்டைஸ் எல்லாவற்றையும் சரிசெய்யும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து பரவுகிறதோ தெரியவில்லை. தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள். குவான்டைஸுக்கு உங்கள் பாட்டு தெரியாது. உங்கள் மனதில் ஓடும் தாளமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது திரையில் உள்ள டெம்போ வரைந்த கோடுகள் மட்டுமே. ஒவ்வொரு சுரத்தையும் எந்தக் கோடு அருகில் இருக்கிறதோ அதில் கொண்டுபோய் ஒட்டும். அந்தக் கோடு சரியா தவறா என்று அது பார்ப்பதில்லை.

அந்தத் தம்பியின் முதல் பாடலையே எடுத்துக்கொள்வோம். அவர் இயல்பாக வாசித்தது நிமிடத்துக்கு 92 அடி. அதாவது அடிக்கு அடி ஏறத்தாழ 652 மில்லி விநாடி. கருவி வைத்திருந்ததோ 120. பதினாறாம் சுரக் கோடுகள் (ஓர் அடியை நான்காகப் பிரிப்பவை) 125 மில்லி விநாடிக்கு ஒன்று. அவருடைய இரண்டாவது அடி 652-இல் விழுந்தது. அருகிலிருந்த கோடு 625, அங்கே இழுத்தது. மூன்றாவது அடி 1304-இல் விழுந்தது, 1250-க்குப் போனது. நான்காவது 1957-இல் விழுந்தது, அது 2000-க்குத் தள்ளப்பட்டது. சீராக 652, 652, 652 என்று வாசித்தவரின் கை 625, 625, 750 என்று ஆகிவிட்டது. அவருடைய தாளம் நன்றாகத்தான் இருந்தது. அதைக் கெடுத்தது குவான்டைஸ். அதன் மேலேயே சேமித்தும் விட்டதால் பழைய வாசிப்பு திரும்பக் கிடைக்க வழியில்லை.

நம் மலை ரயிலைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கல்லாறு முதல் குன்னூர் வரை, எஞ்சினின் பல்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்களில் பொருந்தித்தான் ஏறுகிறது. பல்லுக்குப் பல் இடைவெளி இரண்டிலும் ஒன்றாக இருப்பதால்தான் ஏற முடிகிறது. நீங்கள் கிளிக்கைக் கேட்டு வாசித்தால் உங்கள் அடி கருவியின் பல்லுக்கு அருகில் விழும். பத்து இருபது மில்லி விநாடி பிசகினாலும் குவான்டைஸ் அழகாக உட்கார வைக்கும். அந்த வேலைக்குத்தான் அது இருக்கிறது.

'டெம்போவைப் பிறகு மாற்றிக்கொள்ளலாமே' என்பார்கள். மாற்றலாம், கிளிக்கோடு வாசித்திருந்தால். இல்லையென்றால் நொண்டல் வேகமாகவோ மெதுவாகவோ நொண்டும், அவ்வளவே. கணினியில் ஒவ்வொரு அடியாகக் குறித்து, கோடுகளை வாசிப்பின் பின்னால் நகர்த்த வழி உண்டு. ஒரு பாடலுக்கே பாதி நாள் போய்விடும். திரும்ப வாசித்தால் இருபது நிமிடம்.

தாள அளவுக்கு வருகிறேன். மூன்று எண்ணிக்கைப் பாடலை 4/4-இல் பதிந்துவிட்டு, பல்லவியை நகலெடுக்க நான்கு பாரை வெட்டினால் வருவது பதினாறு அடி. பாடலின் கணக்கில் அது முழுப் பார்களாக வராது, ஐந்து பாரும் ஓர் அடியும். ஒட்டிய இடத்தில் தாளம் தடுக்கி விழாமல் என்ன செய்யும்? கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் ரூபகத்துக்கு 3/4, கண்ட சாபுவுக்கு 5/8, மிஸ்ர சாபுவுக்கு 7/8 என்று வையுங்கள். கருவியில் 7/8 இல்லாவிட்டால் 7/4 வைத்து டெம்போவை இரட்டிப்பாக்குங்கள். ஸ்டைலோடு (கீபோர்டில் தயாராக இருக்கும் தாளப் பின்னணி) பதிபவர்கள் முதலில் ஸ்டைலின் தாளத்தைப் பாருங்கள். பல வீட்டுக் கீபோர்டுகளில் பதிந்த பிறகு அதை மாற்ற விடாது.

6/8-இல் இன்னொரு குழி இருக்கிறது. என்னிடம் வரும் படுகர் ஆட்டப் பாடல்களில் பெரும்பாலானவை இந்த நடைதான். ஆடுகிறவரின் காலடியை எண்ணினால் நிமிடத்துக்கு 80 வருகிறது. உடனே டெம்போ 80 என்று வைத்துவிடுகிறார்கள். மிடி எண்ணுவது கால் சுரத்தை, அதாவது முழுச் சுரத்தின் நான்கில் ஒரு பங்கை. 6/8-இல் ஒரு காலடிக்கு மூன்று எட்டாம் சுரங்கள், அதாவது ஒன்றரை மடங்கு கால் சுரம். எனவே வைக்க வேண்டியது 120. 80 வைத்தால் காலடி 53-க்கு இறங்கிவிடும்; ஆட்டக்காரர் ஒரு காலைத் தூக்கியபடி காத்து நிற்க வேண்டியதுதான். சில கருவிகள் காலடியையே எண்ணும். அதனால் எண்ணை நம்பாமல் கிளிக்கை ஓடவிட்டு, பாடிக்கொண்டே கைதட்டிப் பாருங்கள்.

டெம்போவை எப்படிக் கண்டுபிடிப்பது? வாயால் பாடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 30 விநாடி அடிகளை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பல்லவியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சொற்கள் நெருக்கமாக வரும் சரணத்தையும் பாடிப் பாருங்கள், நாக்கு புரள வேண்டும். என் கூடத்துக்குச் சாலையிலிருந்து அறுபது படிகள் ஏற வேண்டும். மூச்சு வாங்க வந்தவுடன் பாடிச் சொல்லும் டெம்போ எப்போதும் அதிகமாகவே இருக்கும். தேநீர் கொடுத்துப் பத்து நிமிடம் உட்கார வைத்த பிறகே எண்ணச் சொல்கிறேன். உறைபனிக் காலத்தில் விடியற்காலையில் இதற்கு நேர்மாறு, விரல் விறைத்து எல்லாம் மெதுவாகிவிடும்.

புளூடூத் ஹெட்ஃபோனில் கிளிக் கேட்டுப் பதியவே பதியாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அதில் ஒலி பொதுவாக 100 மில்லி விநாடிக்கும் மேல் தாமதமாக வரும். கிளிக்கைத் தாமதமாகக் கேட்டு நீங்கள் தாமதமாக வாசிப்பீர்கள். 120 டெம்போவில் பதினாறாம் சுரமே 125 மில்லி விநாடிதான். குவான்டைஸ் உங்கள் சுரத்தை அடுத்த கோட்டில் உட்கார வைத்துவிடும். சாதாரண ஒயர் ஹெட்ஃபோன் போதும்.

முன் எண்ணிக்கை இரண்டு பார் வையுங்கள். முதல் பாரை வெறுமையாக விட்டு இரண்டாவதில் தொடங்குங்கள். எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) அரை இடம் முன்னால் வரும் பாடல்களில் முதல் சுரம் பதிவாகாமல் போவது இப்படி விடாததால்தான். முதலில் தாளம் அல்லது பேஸ், பிறகு மற்றவை. விருத்தம், ஆலாபனைக்குக் கிளிக் வேண்டாம். அவற்றைத் தனிப் பதிவாக வைத்துக்கொண்டு, தாளம் தொடங்கும் இடத்திலிருந்து புதிதாக ஆரம்பியுங்கள். கடைசிச் சரணத்தில் வேகம் கூட வேண்டுமென்றால் எந்தப் பாரில் எவ்வளவு என்று எழுதி டெம்போ மாற்றமாகவே பதியுங்கள். கிளிக் கவனத்தைச் சிதைக்கிறது என்பவர்கள் அதன் ஒலியைக் குறைத்து, ஒரு வாரம் வெறும் ஆரோகண அவரோகணத்தை அதனோடு வாசியுங்கள். சிதைவதெல்லாம் முதல் இரண்டு நாள்தான். குவான்டைஸ் செய்யும் முன் வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊரில் மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஒவ்வொரு டிராக் முடிந்ததும் சேமியுங்கள்.

அந்தத் தம்பியோடு உட்கார்ந்து ஆறு பாடல்களுக்கும் டெம்போவும் தாள அளவும் எண்ணி, ஒரு தாளில் எழுதிக் கீபோர்டின் பக்கவாட்டில் ஒட்டி அனுப்பினேன். முதல் பாடல் 92, 4/4. மூன்றாவது 104, 3/4. வரும் சனிக்கிழமை இரண்டு பாடல்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். டோலக் வாசிப்பவரை அன்றைக்கே வரச் சொல்லிவிட்டேன்.