பொட்டென்ஷியோமீட்டர்: எதையும் அளக்காத மானி

கிட்டார், கீபோர்டு, ஆம்ப்ளிஃபையர் எதுவானாலும், சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் நாம் திருகும் குமிழுக்கு அடியில் ஒரு சிறிய வட்டப் பாகம் இருக்கிறது. அதன் முழுப்பெயர் பொட்டென்ஷியோமீட்டர். பழுது பார்ப்பவர்கள் சுருக்கமாக ‘பாட்’ என்பார்கள். ‘வால்யூம் கண்ட்ரோல்’ என்று கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. இயற்பியல் பாடநூலில் இதே சொல்லுக்கு ‘மின்னழுத்தமானி’ என்று போட்டிருக்கும். மானி என்றால் அளக்கும் கருவி. வெப்பமானி வெப்பநிலையை அளக்கிறது, அழுத்தமானி அழுத்தத்தை அளக்கிறது. வால்யூம் குமிழ் எதையும் அளப்பதில்லை. பிறகு ஏன் இந்தப் பெயர்?

லத்தீனில் ‘பொடென்ஷியா’ என்றால் ஆற்றல், வல்லமை. கிரேக்கத்தில் ‘மெட்ரான்’ என்றால் அளவு. மின்னியல் கணக்குகளில் பொட்டென்ஷியல் என்ற கருத்தை 1828-இல் ஜார்ஜ் கிரீன் கையாண்டார். 1841-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் யோகான் போகன்டார்ஃப், ஒரு மின்கலத்தின் அழுத்தத்தை அதிலிருந்து மின்னோட்டமே எடுக்காமல் அளக்கும் முறையை வகுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் நீளக் கம்பிக் கருவி. சீரான கம்பியில் மின்னோட்டம் பாயும்; அதன்மேல் தொடுமுனை ஒன்றை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனாமீட்டரின் முள் சுழியில் நிற்கும் இடத்தைக் குறித்து, கம்பியின் நீளத்திலிருந்து அழுத்தத்தைக் கணக்கிடலாம். பள்ளி ஆய்வகத்தில் மேசை நீளத்துக்குக் கிடக்கும் மரப்பலகைக் கருவி இதுதான். அதற்கு மின்னழுத்தமானி என்பது மிகப் பொருத்தமான பெயர்.

நீளக் கம்பியை வளைத்து வட்டமாக்கி, கரிப்பூச்சுத் தடமாகச் சுருக்கி, தொடுமுனையை ஒரு தண்டில் பொருத்தினால் வால்யூம் பாகம் கிடைத்துவிடும். அமைப்பு அதேதான், அளக்கும் வேலை மட்டும் போய்விட்டது. ஆங்கிலத்தில் பழைய பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. தமிழிலும் அந்தப் பிழையைச் சுமக்க வேண்டியதில்லை.

‘மாறுமின்தடை’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பாதி சரி. பாகத்தில் உள்ள மூன்று இணைப்புக் கால்களில் இரண்டை மட்டும் பயன்படுத்தி மின்தடையைக் கூட்டிக் குறைத்தால் அது மாறுமின்தடைதான். 1843-இல் சார்ல்ஸ் வீட்ஸ்டன் பெயரிட்ட ரியோஸ்டாட்டின் வேலை அதுவே. பாடநூல்கள் அதை ‘மின்தடை மாற்றி’ என்கின்றன. மூன்று கால்களையும் இணைக்கும்போது நடப்பது வேறு. தடத்தின் இரு முனைகளுக்கு இடையே வரும் மின்னழுத்தத்தைத் தொடுமுனை இரண்டாகப் பகுத்து, ஒரு பங்கை மட்டும் வெளியே தருகிறது. அதற்குத் தகுந்த சொல் ‘மின்னழுத்தப் பகுப்பி’. சுருக்கமாகப் பகுப்பி. பட்டறையில் ‘பாட்’ என்றே சொல்லிக்கொள்ளலாம், எழுத்தில் பகுப்பி என்று எழுதலாம் என்பது நமது பரிந்துரை. கிட்டாரின் வால்யூம் பாட் ஒரு பகுப்பி. டோன் பாட் அதே பாகம்தான், ஆனால் மாறுமின்தடையாக இணைக்கப்பட்டிருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் இணைப்பதாலும் கோளாறுகள் வருகின்றன.

வால்யூம் என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். லத்தீனில் ‘வொலுமென்’ என்றால் சுருட்டிய ஏட்டுச் சுருள். உருட்டுதல், சுழற்றுதல் என்ற வினையிலிருந்து வந்தது. சுருள் புத்தகமாயிற்று, புத்தகத்தின் பருமன் பொதுவான பருமனாயிற்று, கடைசியில் ஒலியின் பருமனுக்கும் வந்து சேர்ந்தது. சுழற்றிக் கூட்டும் குமிழுக்கு அந்தப் பெயர் அமைந்தது தற்செயல்தான், ஆனால் அழகான தற்செயல். தமிழில் ‘ஒலியளவு’ நிலைத்துவிட்டது, நல்ல சொல்.

டோன் அவ்வளவு எளிதல்ல. அது ‘இழுத்துக் கட்டுதல்’ என்ற பொருளுள்ள கிரேக்க வேரிலிருந்து வந்தது. தந்தியின் விறைப்பைக் குறித்தது. தமிழ்த் ‘தொனி’ வடமொழி த்வனியிலிருந்து வந்தது. ஓசை ஒத்திருப்பதால் இரண்டும் ஒன்று என்று பலர் நம்புகிறார்கள். உறவு எதுவும் இல்லை. போதாததற்கு, தொனி என்றால் இன்று பேச்சின் பாங்கு என்றே முதலில் தோன்றும். கருவியின் டோன் குமிழ் சுருதியை மாற்றுவதில்லை, ஸ்வரத்தை மாற்றுவதில்லை. கூர்மையான மேல் அதிர்வெண்களை எவ்வளவு விடுவது என்பதை மட்டும் முடிவு செய்கிறது. ‘ஒலிப்பண்புக் குமிழ்’ என்றால் பொருள் சரியாக இருக்கும்.

இனி பாகத்துக்கு வருவோம். தண்டு உங்களைப் பார்க்க, கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்தால், இடப்பக்கம் 1, நடுவில் 2, வலப்பக்கம் 3. நடுக்கால்தான் தொடுமுனை. வலஞ்சுழியாகத் திருகினால் தொடுமுனை 3-ஐ நோக்கிப் போகும். கிட்டாருக்குள் பற்றவைக்கும்போது நாம் பார்ப்பது பின்பக்கத்தை, அதனால் வரிசை இடவலமாகத் திரும்பிவிடும். முன்பக்கப் படத்தைப் பார்த்துக்கொண்டு பின்பக்கத்தில் பற்றவைப்பதுதான் மிகச் சாதாரணமான தவறு. அப்படி நடந்தால் குமிழ் தலைகீழாக வேலை செய்யும்: வலப்பக்கம் திருகத் திருகச் சத்தம் குறையும்.

வால்யூமுக்கு இணைப்பு: பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்) சிக்னல் கம்பி 3-இல், கேபிள் செருகும் ஜாக்குக்குப் போகும் கம்பி 2-இல், 1-ஐ வளைத்துப் பாட்டின் உலோக உறையோடு பற்றவைத்து கிரவுண்டு (சுற்றின் சுழி மின்னழுத்த இணைப்பு). டோனுக்கு 1, 2 கால்கள் மட்டும் போதும். வால்யூம் பாட்டின் 3-ஆம் காலிலிருந்து ஒரு கம்பி டோனின் 2-க்கு. டோனின் 1-இலிருந்து மின்தேக்கி வழியாக கிரவுண்டு. வலப்பக்கம் திருகினால் மின்தடை கூடும், மின்தேக்கிக்குப் போகும் வழி அடைபடும், ட்ரெபிள் (மேல் அதிர்வெண்கள்) தப்பிக்கும். இடப்பக்கம் திருகினால் ட்ரெபிள் மின்தேக்கி வழியே கிரவுண்டில் வடிந்துவிடும். இந்த வகை டோன் குமிழால் எதையும் கூட்ட முடியாது, குறைக்கத்தான் முடியும். ஆம்ப்ளிஃபையரில் பேஸையும் ட்ரெபிளையும் கூட்டவும் குறைக்கவும் செய்யும் சுற்று வேறு; பீட்டர் பாக்ஸண்டால் 1952-இல் வெளியிட்ட எதிர்ப்பின்னூட்டச் சுற்றின் வழித்தோன்றல்கள் அவை. அவற்றுக்கு மின்சாரம் வேண்டும்.

ஒரே மதிப்புள்ள இரண்டு பாட்கள் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது. உறையில் 500 கே (500 கிலோ ஓம்) என்பதோடு ஏ அல்லது பி என்ற எழுத்து இருக்கும். இன்று பரவலாக உள்ள குறியீட்டில் பி நேர்கோட்டு வகை: பாதி திருகினால் பாதி மின்தடை. ஏ மடக்கை வகை: பாதி திருகினாலும் 1-க்கும் 2-க்கும் இடையே மொத்தத்தில் 10 முதல் 20 சதவீதம்தான் இருக்கும். பழைய பாகங்கள் சிலவற்றில் எழுத்துகளின் பொருள் நேர்மாறு, ஆகவே எழுத்தை நம்பாமல் மல்டிமீட்டரை நம்புங்கள். சுற்றிலிருந்து கழற்றி, தண்டை நடுவில் நிறுத்தி, 1-க்கும் 2-க்கும் இடையே அளந்தால் வகை தெரிந்துவிடும். மொத்த மின்தடை எழுதியிருப்பதைவிட 20 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். அது கோளாறு இல்லை.

மடக்கை வகை எதற்கு? மின்னழுத்தம் பாதியானால் குறைவது 6 டெசிபெல்தான். காதுக்குச் சத்தம் பாதியாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் குறைய வேண்டும். நேர்கோட்டு பாட்டை வால்யூமுக்குப் போட்டால், முழுவதிலிருந்து பாதிவரை திருகியும் பெரிய மாற்றம் தெரியாது. 20 டெசிபெல் குறைய, பத்தில் ஒரு பங்கு வரை இறங்கி வர வேண்டும்; அதற்குக் கீழே மயிரிழை நகர்த்தினால்கூடச் சத்தம் விழுந்துவிடும். ‘கடைசியில் மட்டும் வேலை செய்கிறது’ என்று குறை சொல்லப்படும் வால்யூம் குமிழைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் உள்ளே பி இருக்கும்.

மதிப்பு விஷயத்திலும் வழக்கம் இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம், இரட்டைச் சுருளுள்ள ஹம்பக்கருக்கு 500, பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்கப்புக்கு 25. பிக்கப் என்பது பல்லாயிரம் சுற்றுக் கம்பிச்சுருள். அதன் மின்தூண்டல் 2.5 ஹென்றி என்றும், 5 மீட்டர் கேபிளும் சுருளும் சேர்ந்த மின்தேக்குத்திறன் 600 பிகோஃபாரட் என்றும் வைத்தால், ஒத்ததிர்வு, அதாவது ஒலி மேடிட்டு எழும் அதிர்வெண், 4,100 ஹெர்ட்ஸ் அருகே விழும். கிட்டாரின் பளிச்சென்ற ஒலி அந்த மேட்டில்தான் இருக்கிறது. பாட்டின் மின்தடை குறையக் குறைய அந்த மேடு தட்டையாகும். ஹம்பக்கர் இயல்பிலேயே சற்று மங்கல் என்பதால் 500. ஒற்றைச் சுருள் கூச்சலாக இருக்கும் என்பதால் 250. சாதாரண பிக்கப்போடு 25 கிலோ ஓம் பாட்டைச் சேர்த்தால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல் ஒலிக்கும். வால்யூமும் டோனும் இரண்டுமே பிக்கப்புக்கு இணையாக நிற்பதால், இரண்டு 500-ம் முழுதாகத் திறந்திருக்கையில் பிக்கப் உணரும் சுமை ஏறத்தாழ 250 தான். மேல் அதிர்வெண்களில் டோன் மின்தேக்கி வெறும் கம்பி மாதிரி.

மின்தேக்கிக்கு வழக்கமான மதிப்புகள் 0.022, 0.047 மைக்ரோஃபாரட். டோனை முழுக்க மூடியதும் ஒத்ததிர்வு மறைந்து போவதில்லை, கீழே இறங்குகிறது. அதே 2.5 ஹென்றிச் சுருளுக்கு 0.022-இல் 680 ஹெர்ட்ஸ் அருகிலும், 0.047-இல் 460 ஹெர்ட்ஸ் அருகிலும் வரும். மூடிய டோனில் மூக்கடைத்த மாதிரி ஓர் ஒலி வருவது அதனால்தான். டோன் 10-இல் இருக்கும்போது மின்தேக்கியை மாற்றினால் ஒலி மாறாது என்றே சொல்லலாம்; விலை கூடிய மின்தேக்கி பற்றிய வாக்குவாதங்களில் இது நினைவில் இருக்கட்டும்.

வால்யூமைக் குறைத்தால் ட்ரெபிளும் சேர்ந்து போகிறதே என்ற முறையீடு நியாயமானது. பகுப்பி பாதி அழுத்தம் தரும் நிலையில், 500 கிலோ ஓம் பாட்டின் இரு பாதிகளும் இணையாகி 125 கிலோ ஓம் மூலத்தடையாக நிற்கின்றன. 500 பிகோஃபாரட் கேபிளோடு சேர்ந்து அது 2,500 ஹெர்ட்ஸுக்கு மேல் வடிகட்டத் தொடங்கும். தீர்வு: 0.001 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் 150 கிலோ ஓம் மின்தடையையும் இணையாகக் கட்டி 2, 3 கால்களுக்குக் குறுக்கே வைப்பது. மின்தேக்கி மட்டும் வைத்தால் குறைந்த ஒலியளவில் தகர ஒலி வரும். கேபிளைச் சிறிதாக்குவது அதைவிடச் சுலபமான வழி.

வீணை, வயலின் உடலில் ஒட்டும் பீசோ பிக்கப்பில் கதை தலைகீழ். அது கம்பிச்சுருள் இல்லை, ஒரு மின்தேக்கி மாதிரி நடந்துகொள்ளும். 1 நானோஃபாரட் பீசோவை 500 கிலோ ஓம் பாட்டோடு நேரடியாக இணைத்தால் 318 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி கரைந்துபோகும். மந்திர ஸ்தாயி மெலிந்து கீச்சென்று கேட்கும். முதலில் 10 மெகா ஓம் உள்ளீட்டுத் தடையுள்ள ஒரு பஃபர் (சிக்னலைத் தளரவிடாமல் கடத்தும் இடைச் சுற்று), அதற்குப் பிறகு பாட்.

கோளாறுகளில் முதலிடம் திருகும்போது வரும் கரகரப்புக்கு. தடத்தில் தூசியோ தேய்மானமோ இருக்கும். கால்களுக்கு மேலே உள்ள இடுக்கு வழியாக மின்தொடர்புகளுக்கான கிளீனரை ஒரே ஒரு முறை பீய்ச்சி, இருபது முப்பது தடவை முழுக்கத் திருகுங்கள். கதவுக் கீலுக்குப் போடும் எண்ணெய் கூடாது. அது படிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். சில நாளில் கரகரப்பு திரும்பினால் தடம் தேய்ந்துவிட்டது, பாட்டை மாற்றிவிடுங்கள். ஆம்ப்ளிஃபையரில் புதிய பாட் போட்ட பிறகும் கரகரத்தால் பாட்டைக் குறை சொல்லாதீர்கள்; பெரும்பாலும் முன்னால் உள்ள இணைப்பு மின்தேக்கி கசிந்து டி.சி. மின்னழுத்தம் தடத்துக்கு வருகிறது.

சுழியில் வைத்தும் சத்தம் நிற்கவில்லை என்றால் 1-ஆம் காலின் கிரவுண்டு விட்டுப்போயிருக்கும். உலோகக் குமிழைத் தொட்டதும் இரைச்சல் கூடினால் உறைக்கு கிரவுண்டு இல்லை. உறையில் பற்றவைக்கும்போது பூச்சை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டிவிட்டு 40 வாட் இரும்பால் விரைவாக முடிக்க வேண்டும். சிறிய இரும்பை நெடுநேரம் அழுத்திப் பிடித்தால் ஈயமும் ஒட்டாது, உள்ளே தடமும் வெந்துவிடும். நட்டை முறுக்கும்போது உறையைக் கையால் பிடித்துக்கொள்ளாவிட்டால் பாட் முழுதும் சுழன்று கம்பிகளை முறித்துவிடும். வாங்கும்போது தண்டையும் பாருங்கள்: 6 மில்லிமீட்டர் பற்தண்டும் 6.35 மில்லிமீட்டர் வழவழப்பான தண்டும் ஒரே குமிழை ஏற்காது.

டிஜிட்டல் கீபோர்டுகளில் பெரும்பாலான குமிழ்கள் வழியாக ஒலி போவதே இல்லை. பொதுவாக 10 கிலோ ஓம் நேர்கோட்டுப் பாட் நிலையான ஒரு மின்னழுத்தத்தைப் பகுத்துத் தருகிறது. கருவியின் செயலி அதைப் படித்து எண்ணாக மாற்றுகிறது. மின்னிசைக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மிடி முறை வழியாகப் போனால் அந்த எண் 0 முதல் 127 வரை. ஒலியளவுக்கு மிடியின் 7-ஆம் கட்டுப்பாட்டு எண், ஒலியின் பளபளப்புக்கு 74. மடக்கை வளைவைச் செயலியே போட்டுக்கொள்ளும் என்பதால் இங்கே ஏ வகையைப் போட்டால் குமிழ் கோணலாக நடந்துகொள்ளும். தடம் அழுக்கானால் கரகரப்புக் கேட்காது. கை வைக்காமலே ஒலியளவு குதிக்கும், அமைப்புகள் தாமாக மாறும். மென்பொருள் கோளாறு என்று நினைத்துப் பலர் ரீசெட் செய்து பார்ப்பார்கள். முதலில் கிளீனரை எடுங்கள். காலால் அழுத்தி ஒலியை மாற்றும் எக்ஸ்பிரஷன் பெடலிலும் இதே பகுப்பிதான். ஆனால் தொடுமுனையை ஜாக்கின் நுனியில் இணைப்பவர்களும் வளையத்தில் இணைப்பவர்களும் உண்டு. பெடல் கடைசிச் சிறு தூரத்தில் மட்டும் வேலை செய்தால், பழுதுக்கு எடுத்துப் போகும் முன் நுனியையும் வளையத்தையும் மாற்றிக் கட்டிய ஒரு கேபிளைப் போட்டுப் பாருங்கள்.