பயந்திருப்பவரிடம் வசனம் சொல்லும்போது

மனநல மருத்துவரான என்னிடம் போன வாரம் ஒரு பெண் திரும்ப வந்தார். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார், சம்பளம் ஒழுங்காக வருவதில்லை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒரு நாள் பேருந்தில் போகும்போது நெஞ்சு படபடத்து, கை மரத்து, 'செத்துப்போகப் போகிறேன்' என்ற பயத்தில் பாதி வழியிலேயே இறங்கிவிட்டார். அதன் பிறகு அடிக்கடி அப்படி வந்தது. இருதயப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை என்று என்னிடம் அனுப்பினார்கள். மாத்திரை தொடங்கினோம், மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தோம். சில மாதங்களில் தூக்கம் வந்தது, பேருந்து ஏறினார், சிரித்துப் பேசினார். அப்புறம் ஓர் உபவாசக் கூட்டத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள்: "தேவசமாதானம் இருக்கும்போது உனக்கு எதுக்கு மாத்திரை?" அன்று இரவே நிறுத்திவிட்டார்.

அடுத்த சில நாட்களில் தலைச்சுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு, எரிச்சல், தூக்கமின்மை. பழைய படபடப்பும் இன்னும் பலமாக வந்தது. என் முன்னால் உட்கார்ந்து அவர் அழுததோ வேறு ஒன்றுக்காக: "எனக்கு விசுவாசம் பத்தல மேடம். கர்த்தருக்கே என்னைப் பிடிக்கலையோ என்னமோ."

நோயைவிடப் பெரிய பாரத்தை இவர் தலையில் ஏற்றியது யார்? அந்தக் கேள்விதான் என்னை எழுத வைக்கிறது. இவர் முதல் ஆளில்லை. தென்மாவட்டத்தில் மனநல மருத்துவராக இருக்கும் யாரைக் கேட்டாலும் இதே கதையை வேறு வேறு முகங்களோடு சொல்வார்கள்.

நானும் விசுவாசிதான். சங்கீதம் சொல்லித் தூங்க வைக்கப்பட்ட பிள்ளை. வசனம் சொல்லாதீர்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். தீராத கவலையோடு வரும் கிறிஸ்தவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "ராத்திரி முழிப்பு வந்தால் எந்த வசனம் நினைவுக்கு வருகிறது?" என்பது. அந்தப் பதிலிலேயே சிகிச்சைக்கான ஒரு பிடி கிடைத்துவிடும். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று மெதுவாக, வாய்விட்டு, ஒரு வரிக்கு ஒரு மூச்சாகச் சொன்னால் உடம்பே அடங்குவதைப் பார்க்கலாம். 2001-இல் இத்தாலிய மருத்துவர்கள் 23 பேரை ஜெபமாலை சொல்லவைத்து மூச்சையும் இருதயத் துடிப்பையும் அளந்தார்கள். மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற நிதானத்துக்கு வந்திருந்தது. நாங்கள் மூச்சுப் பயிற்சியில் கேட்பதும் அதே நிதானத்தைத்தான்.

ஆகவே வசனத்தோடு எனக்குச் சண்டை இல்லை. பயந்து நடுங்கும் ஒருவரிடம் அதே வசனத்தை நீட்டி, "இதை நம்பினால் நீ ஏன் நடுங்குகிறாய்?" என்று கேட்கிறார்களே, அதோடுதான் சண்டை.

இதற்கு அதிகமாகப் பயன்படுத்தப்படுவது 2 தீமோத்தேயு 1:7. "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்." எவ்வளவு தைரியம் தரும் வசனம்! ஆனால் பதற்ற நோயால் வாடும் ஒருவருக்கு இது எப்படிப் போய்ச் சேருகிறது தெரியுமா? 'உனக்குப் பயம் இருக்கிறது, பயமுள்ள ஆவி தேவனிடமிருந்து வராது, அப்படியானால் உன்னிடம் இருப்பது யாருடைய ஆவி?' இங்கிருந்து விடுதலை ஜெபத்துக்கு ஒரே எட்டுதான். முடியைப் பிடித்து உலுக்கி 'ஆவி' விரட்டப்பட்ட ஒரு கல்லூரிப் பெண்ணைப் பார்த்திருக்கிறேன். உடம்பு இளைத்திருந்தது, கை நடுங்கியது, நாடி வேகமாக ஓடியது. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு மிகையாகச் சுரப்பது தெரிந்தது. அதற்கான மாத்திரையில் 'ஆவி' போய்விட்டது. படபடப்பு என்று யார் வந்தாலும் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, ஈசிஜி பார்க்காமல் மனப்பதற்றம் என்று நாங்களே முடிவு செய்வதில்லை. நீங்கள் ஆவி என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

சரி, வேதத்தைக் கொண்டே பேசுவோம். அந்த வசனத்தை எழுதிய பவுலே தன்னைப் பற்றி 2 கொரிந்தியர் 7:5-இல் சொல்கிறார்: "புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும் இருந்தன." மறைக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. "ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று பிலிப்பியருக்கு எழுதிய அதே கை, சபைகளைக் குறித்த கவலை தன்னை நாள்தோறும் நெருக்குவதாகக் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறது. அப்படியானால் பவுலுக்கு விசுவாசம் பற்றவில்லையா?

யாருக்கு எழுதினார் என்பதையும் பாருங்கள். இதே தீமோத்தேயுவுக்கு முதல் நிருபத்தில் பவுல் சொல்வது: வெறும் தண்ணீர் மட்டும் குடிக்காதே, உன் வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள். அந்தக் காலத்தில் அது கைமருந்து. நோய்க்கு மருந்து எடுத்துக்கொள் என்று சொன்னவரும், பயமுள்ள ஆவியைத் தேவன் கொடுக்கவில்லை என்று சொன்னவரும் ஒருவரே. பிரசங்கத்தில் ஒன்றை மட்டும் எடுத்து மற்றதை ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

எலியா தீர்க்கதரிசியிடம் வாருங்கள். கர்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றி. அடுத்து ராணி யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். தேவதூதன் வந்து என்ன சொன்னான்? 'தீர்க்கதரிசியாக இருந்துகொண்டு பயப்படலாமா?' என்று கேட்டானா? தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுத் திரும்பவும் தூங்கினார். மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். தேவன் பேசியதெல்லாம் அதற்குப் பிறகு, நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகு. சாகவேண்டும் போலிருக்கிறது என்று சொல்கிற நோயாளிக்கு முதலில் தூக்கமும் சாப்பாடும் சரிசெய்வதுதான் எங்கள் வேலையும்.

சிலுவைக்கு முந்தைய இரவின் கெத்செமனே தோட்டத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று சொன்னவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் சீஷர்களைக் கூட இருக்கச் சொன்னார். அவர்களால் அதுகூட முடியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலப் பிரசங்கியார் ஸ்பர்ஜன் பெயரைச் சொல்லாத தமிழ்ப் பிரசங்கிகள் குறைவு. 1856 அக்டோபரில் லண்டனில் அவர் பேசிய பெரிய கூட்டத்தில் யாரோ "தீ, தீ" என்று கத்த, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அவருக்கு அப்போது 22 வயது. அதன்பின் சில காலம் வேதாகமத்தைப் பார்த்தாலே அவருக்கு அழுகை வந்தது. ஆயுள் முழுவதும் மனச்சோர்வு அவரை விட்டுவிட்டுப் பிடித்தது, அதைப் பிரசங்கத்திலேயே வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய மேற்கோள்களை அட்டையில் அச்சடிக்கிறவர்கள் இதையும் சபையில் சொன்னால் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் நிமிர்ந்து உட்காருவார்.

மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேதம் வாசிக்கும் போதகரை யாரும் அவிசுவாசி என்று சொல்வதில்லை. மூளைக்குப் போடும் மாத்திரையை மட்டும் அப்படிச் சொல்வது எந்த நியாயத்தில்?

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நிச்சயமில்லாத காலத்தில், அதாவது தேர்வு முடிவு, ஸ்கேன் ரிப்போர்ட், விசா, வேலை என்று காத்திருக்கும்போது, கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்வது. நல்ல வசனம் வந்தால் அரை மணி நேர நிம்மதி. சாபமும் நியாயத்தீர்ப்பும் வந்துவிட்டால் அன்று முழுவதும் நடுக்கம். உடனே இன்னொரு முறை திறப்பார்கள். பதற்றம் எப்போதும் உத்தரவாதம் கேட்கும். கொடுத்தால் இன்னும் அதிகம் கேட்கும். புத்தாண்டு ஆராதனையில் அந்த வருஷத்துக்கென்று எடுத்த வாக்குத்தத்த வசன அட்டை 'சரியில்லை' என்று ஜனவரி முழுவதும் தூங்காதவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

அட்டைகளில் அதிகம் வருவது எரேமியா 29:11, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். அது பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்தைய வசனத்திலேயே எழுபது வருஷம் காத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதுவரை என்ன செய்வது என்பதும் இருக்கிறது: வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள். அடுத்த வாரம் எல்லாம் சரியாகிவிடும் என்ற உறுதி அதில் இல்லை. இன்றைய வேலையை இன்று செய்ய ஒரு துணிவு இருக்கிறது. பதற்ற நோய்க்கு நாங்கள் கொடுக்கும் பயிற்சியில் பாதி இதுதான்.

சிலருக்கு இது இன்னும் ஆழமாகப் போகும். ஒரே ஜெபத்தைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சொல்லாவிட்டால் வீட்டில் யாருக்காவது ஆபத்து என்று தோன்றும். ஆராதனையின் நடுவே தேவதூஷணமான எண்ணம் தானாக வந்து விழும். மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டோமோ என்று நாள் முழுவதும் உள்ளுக்குள் வழக்கு நடக்கும். இது எண்ணச் சுழற்சி நோய், ஓசிடி. பக்தியுள்ளவர்களை அவர்கள் உயிராக மதிக்கும் இடத்திலேயே அது தாக்குகிறது. அந்த எண்ணம் அவர்களுடைய விருப்பம் இல்லை. "நீ மன்னிக்கப்பட்டாய்" என்று ஐம்பது முறை சொல்லித் தேற்றினாலும் ஐம்பத்தோராவது முறை கேட்பார்கள். அவர்களுக்கு இன்னொரு வசனத்தைவிட முறையான சிகிச்சை அவசரமாகத் தேவை. தயவுசெய்து கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இனி, நேராகச் சில விஷயங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் போன்றவை பலன் காட்டவே சில வாரங்கள் எடுக்கும். நிறுத்துவதும் படிப்படியாகத்தான். குளோனாசெபம் போன்ற தூக்க வகை மாத்திரைகளை நீண்ட நாட்கள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். சுகமாகிவிட்டது என்று நம்புகிறீர்களா? சந்தோஷம். என்னிடம் வந்து சொல்லுங்கள், சேர்ந்தே குறைப்போம். உங்கள் விசுவாசத்துக்கு அதனால் ஒரு குறையும் வராது.

உபவாசம் இருக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காத உபவாசம் இருக்கவே கூடாது. உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி விஷமாகிவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கும் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் கேட்பதில்லை.

மாத்திரையை விட்டெறிந்தேன் என்று சாட்சி சொல்லும் கூட்டங்களை நடத்துகிறவர்களே, மேடையில் ஒருவர் சொல்வதைக் கேட்டு வீட்டுக்குப் போய் நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாது. அவர்கள் திரும்பி உங்களிடம் வருவதில்லை. வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். எங்களிடம்தான் வருகிறார்கள், சிலர் அதற்கும் முடியாமல் போகிறார்கள்.

வசனம் அனுப்ப விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை எந்தக் குறையும் இல்லை. வாயைத் திறந்து 'நீ பாவம் செய்திருப்பாய்' என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கர்த்தரின் கோபத்துக்கு ஆளானார்கள். முதலில் போய் உட்காருங்கள். சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேளுங்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வாருங்கள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போங்கள். அப்புறம் ஒரு வசனம் சொல்லுங்கள், ஒன்றே ஒன்று.

எந்த வசனம் என்று கேட்டால், "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்ற சங்கீதம் 56:3-ஐத்தான் நான் அதிகம் சொல்வேன். பயப்படும் நாள் உண்டு என்று அது ஒத்துக்கொள்கிறது. "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால்" என்று தொடங்கும் 1 பேதுரு 5:7-உம் நல்லது. மிகவும் இருண்டுபோனவர்களுக்கு 88-ஆம் சங்கீதம். அது ஆறுதலான ஒரு வார்த்தையில்கூட முடிவதில்லை. ஆனாலும் வேதத்துக்குள் அதற்கு இடம் இருக்கிறது என்று தெரியும்போது சிலருக்கு முதல் முறையாக மூச்சு விட முடிகிறது. வாசிக்கக்கூட முடியாத நிலையில் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் மெதுவாக வாசியுங்கள். முப்பது வசனத்தை வாட்ஸ்அப்பில் கொட்டாதீர்கள்.

போதகர்களுக்கும் சபை ஐயர்மாருக்கும்: ஜனங்கள் எங்களுக்கு முன்னால் உங்களிடம் வருகிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் ஜெபித்துவிட்டு மருத்துவரிடமும் அனுப்புங்கள். "போங்கள், நானே சொல்கிறேன்" என்ற உங்கள் ஒரு வார்த்தை என் ஒரு மணி நேரப் பேச்சைவிடப் பலமானது. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் எடுத்துவிடச் சொல்லுங்கள், அன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரையும் இலவசம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இருபத்துநான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இந்த வார அறிவிப்புகளோடு அந்த எண்ணையும் வாசித்துவிடுங்கள்.